பழைய டிராக்டர் கலப்பை: இறக்கையைப் பார்த்து மண்ணைச் சொல்வது எப்படி?

கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் செருப்புப் போட்டு நடந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். பத்தடி போவதற்குள் செருப்பு கல்லாய்க் கனக்கும். குச்சியால் வழித்துவிட்டு மறுபடி பத்தடி, மறுபடி வழிப்பு. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். சரளை மண்ணில் இந்தப் பாடு கிடையாது. ஒன்றும் ஒட்டாது. ஆனால் அடிப்பாகம் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கலப்பைக்கும் இந்த இரண்டு தொல்லைகள்தான். ஒட்டும் மண் ஒன்று, தேய்க்கும் மண் ஒன்று. ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றதற்கு ஆகாது. 1910-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த டிராக்டர் கலப்பைகளில் ஏன் அத்தனை வடிவங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இதில்தான் இருக்கிறது. அந்தக் கலப்பைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்களும், அவற்றை வைத்தே உழவுப் போட்டி நடத்துபவர்களும் அங்கே இன்றும் உண்டு. அவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் கலப்பையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதன் வளைவைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் உறுப்புகள். மண்ணை அடியில் வெட்டுவது கொழு. வெட்டிய மண்ணை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் கவிழ்க்கும் வளைந்த தகடு இறக்கை. உழாத நிலத்தின் சுவரோடு உரசிக்கொண்டு, கலப்பை பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்வது பக்கத்தகடு. இந்த மூன்றும் சேர்ந்தது ஓர் உழுபகுதி. டிராக்டருக்குப் பின்னால் இப்படி ஒன்றோ இரண்டோ மூன்றோ வரிசையாக இருக்கும். கொழுவுக்கு முன்னால் புல்லையும், அறுவடைக்குப்பின் நிற்கும் தாளையும் அறுத்துக்கொடுக்க ஒரு வெட்டுச்சக்கரம் சுழலும். நம் ஊர் நாட்டுக் கலப்பைக்கு இறக்கை கிடையாது. அது மண்ணைக் கீறும், புரட்டாது. இனி சொல்லப்போவது எல்லாம் புரட்டும் கலப்பையின் கதை.

ஒட்டும் மண்ணிலிருந்து தொடங்குவோம். 1830-களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இல்லினாய் புல்வெளிக்குக் குடியேறியவர்கள் தங்கள் வார்ப்பிரும்புக் கலப்பைகளையும் கொண்டுபோனார்கள். பழைய ஊரின் இலேசான மண்ணில் அவை நன்றாகவே உழுதவை. புல்வெளியின் கருப்பு மண்ணில் நாலு அடி வைப்பதற்குள் இறக்கை முழுக்க மண் அப்பிக்கொண்டது. உழுபவர் நின்று, ஒரு மரத்துடுப்பால் வழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மண் அப்பிய இறக்கை இறக்கையே இல்லை. மண்மேல் மண் உரசும்போது எதுவும் வழுக்காது, புரளாது. கலப்பை சும்மா மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும்.

இதற்கு விடை கண்டவர் என்று எல்லோரும் சொல்லும் பெயர் ஜான் டியர். வெர்மாண்டிலிருந்து வந்த கொல்லர். 1837-இல் இல்லினாயின் கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரில், உடைந்துபோன ஒரு ரம்பத் தகட்டின் எஃகை வைத்து, நன்றாக மெருகேற்றிய கலப்பை ஒன்றைச் செய்தார். மண் அதில் நிற்காமல் வழுக்கிப் போனது. ஆனால் இந்தப் புகழ் முழுக்க அவருக்கு மட்டும் சேராது. 1833-இலேயே அதே மாநிலத்தில் ஜான் லேன் என்ற இன்னொரு கொல்லர் ரம்ப எஃகில் கலப்பை செய்திருந்தார். கையில் இருந்த பழைய ரம்பத்தையே இருவரும் எடுத்ததில் ஆச்சரியமில்லை. அந்த நாட்டுப்புறத்தில் நல்ல எஃகுத் தகடு வேறு எங்கே கிடைத்திருக்கும்?

இறக்கையிலிருந்து மண் தானாக வழுக்கிப் போவதை அமெரிக்க விவசாயிகள் ‘ஸ்கவர்’ ஆகிறது என்பார்கள். கலப்பையைப் பற்றி ஒரே ஒரு சொல்லைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கவர் ஆகும் இறக்கை கண்ணாடிபோல் மின்னும். ஆகாத இறக்கையில் மண் அடை அடையாக நிற்கும். வயல் ஓரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, எஃகுதான் நல்லது என்றால் எல்லாக் கலப்பையையும் எஃகில் செய்திருக்கலாமே? அங்கேதான் இரண்டாவது தொல்லை வருகிறது. மணலும் சரளையும் கலந்த மண் இறக்கையில் ஒட்டவே ஒட்டாது, ஆனால் உப்புத்தாள்போல் தேய்த்துத் தள்ளும். அங்கே மெருகைவிடக் கடினம் முக்கியம். இண்டியானாவின் சௌத் பெண்ட் நகரில் தொழில் நடத்திய ஜேம்ஸ் ஆலிவர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1857-இல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். உருகிய இரும்பை ஊற்றும் அச்சில், கலப்பையின் முகப்பு வரும் பக்கத்தைக் குளிர்ந்த உலோகமாக வைத்துவிடுவது. இரும்பு அந்தப் பக்கத்தில் சட்டென்று இறுகி மிகக் கடினமாகிவிடும். பின்பக்கம் மெல்ல ஆறுவதால் அவ்வளவு நொறுங்கும் தன்மை இராது. குளிரூட்டிய வார்ப்பு, ஆங்கிலத்தில் ‘சில்டு’ கலப்பை.

இதே சூத்திரத்தை இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ராபர்ட் ரான்சம் 1803-இலேயே கொழுவுக்குப் பயன்படுத்தியிருந்தார். அவர் குளிரவைத்தது கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும். அடிப்பக்கம் கடினம், மேல்பக்கம் மென்மை. உழ உழ மேல்பக்கம் முந்தித் தேயும், அடிவிளிம்பு கூராகவே நிற்கும். தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும் கொழு! அணிலின் பல்லும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆக, பழைய கலப்பை ஒன்றைப் பார்த்தால் முதல் கேள்வி: இது எஃகா, குளிரூட்டிய வார்ப்பா? வார்ப்பு என்றால் அது சரளை, மணல், கல் உள்ள நிலத்துக்காக வாங்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். அதைக் கொண்டுபோய்ப் பிசுபிசுத்த களிமண்ணில் இறக்கினால் ஸ்கவர் ஆகாது. எஃகு என்றால் ஒட்டும் மண். அதிலும் நல்ல எஃகு இறக்கைகள் ஒரே தகடு அல்ல, மூன்று அடுக்கு. இரண்டு பக்கமும் கடின எஃகு, நடுவில் மிருதுவான எஃகு. முகப்பு மெருகைத் தாங்கும், கல்லில் மோதினால் நடு அடுக்கு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி வளைவு. எனக்குப் பிடித்த பகுதி இது. மண்ணை இறக்கை என்ன செய்ய வேண்டும் என்பது வளைவில் அப்படியே எழுதியிருக்கும்.

இறக்கை நீளமாக, மெதுவாகத் திருகிக்கொண்டு போனால், வெட்டிய மண் உடையாமல் ஒரு பாயைச் சுருட்டுவதுபோல் சாய்ந்து கவிழும். குட்டையாக, செங்குத்தாக எழுந்து சட்டென்று வளைந்தால், மண் மேலே ஏறும்போதே மடங்கி நொறுங்கும். முதல் வகை புல்தரைக்கு. வேர்கள் பின்னிக் கிடக்கும் புல்வெளியை உடைக்க முயல்வதில் பயனில்லை. தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் புல் அடியில் மக்கும். இரண்டாம் வகை ஏற்கெனவே பயிர் வைத்து இளகிய, தாள் நிற்கும் நிலத்துக்கு. அங்கே மண் பொலபொலவென்று உடைந்தால்தான் விதைப்புக்கு வசதி. இரண்டுக்கும் நடுவில் எல்லா வேலைக்கும் ஓரளவு ஒத்துவரும் பொது வளைவு ஒன்று உண்டு. பண்ணைகளில் அதிகம் இருந்தது அதுதான்.

புல்வெளியை முதன்முதலாக உடைத்த கலப்பைகள் சிலவற்றில் இறக்கைத் தகடே கிடையாது. அதற்குப் பதில் வளைந்த இரும்புக் கம்பிகள் மூன்றோ நாலோ. பார்ப்பதற்கு ஏதோ உடைந்துபோன கலப்பை மாதிரி இருக்கும். வேர் பிடித்த புல்மண் ஒரு பட்டைபோல் தானே சேர்ந்து வரும்போது, அதைத் தாங்கத் தகடு எதற்கு? கம்பி போதும், உரசலும் குறைவு. அந்தப் பட்டைகள் எவ்வளவு உறுதி என்றால், மரமே இல்லாத நெப்ராஸ்காவில் குடியேறியவர்கள் அவற்றைச் செங்கல்போல் வெட்டி அடுக்கி வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் இதே கணக்கு வேறு காரணத்துக்காகப் போட்டார்கள். அங்கே கனத்த களிமண் நிலங்களை இலையுதிர்காலத்திலேயே உழுதுவிடுவார்கள். அதற்கு நீண்ட இறக்கை. உடையாத மண்பட்டைகள் கூரைபோல் சாய்ந்து, கூரிய முகடுகளாக வரிசையாக நிற்கும். அப்புறம் குளிர்காலம் முழுக்க உறைபனி அந்த முகடுகளுக்குள் புகுந்து, நீரை உறையவைத்து, கட்டியைப் பிளந்து போடும். வசந்தத்தில் ஒரு பரம்பு இழுத்தால் போதும். அதாவது உடைக்கும் வேலையைக் கலப்பைக்குக் கொடுக்காமல் பனிக்குக் கொடுத்தார்கள். நம் கோடை உழவில் வெயிலுக்குக் கொடுக்கிறோம், அதே யோசனைதான். உருளைக்கிழங்குக்கும் கிழங்குவகைகளுக்கும் ஆழமாகவும் பொடியாகவும் வேண்டும் என்றால் ‘டிக்கர்’ என்ற குட்டையான, குழிந்த இறக்கை. நீண்ட இறக்கையில் சாலின், அதாவது கலப்பை வெட்டிப்போகும் தடத்தின், அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஆழம் போனால் பட்டை சரியாகக் கவிழாது, நட்டுக்கொண்டு நிற்கும். டிக்கரில் அகலம் எவ்வளவோ அவ்வளவு ஆழமும் போகலாம், மண் எப்படியும் உடையத்தானே போகிறது.

எந்த வளைவும், எந்த மெருகும் செல்லாத மண்ணும் இருக்கிறது. டெக்சாஸின் கருப்புக் களிநிலம். ஈரத்தில் பசை, காய்ந்தால் கல், வெயிலில் கையை விடும் அளவுக்கு வெடிப்பு. கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மண்ணியலாளர்கள் நம் கரிசலையும் டெக்சாஸ் கருப்பையும் ‘வெர்டிசால்’ என்ற ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். இந்த மண்ணுக்கென்றே சிறிய பரப்புள்ள இறக்கை வைத்த கலப்பைகளை நிறுவனங்கள் விற்றன. பெரிய தகடு அல்லவா நன்றாகப் புரட்டும் என்று தோன்றும். ஆனால் தகடு சிறுத்தால் அதே மண்ணின் பாரம் சிறிய பரப்பில் விழும். அழுத்தம் கூடினால் மண் நிற்காமல் வழுக்கும். இதே தர்க்கத்தில் வந்தது பட்டை இறக்கை. தகட்டில் நீளநீளமாகச் சந்து விட்டு, பட்டைகளாக மட்டும் வைப்பது. ஒட்டுவதற்கே இடமில்லை என்றால் எங்கே ஒட்டும்?

அதுவும் முடியாத இடத்தில் வந்ததுதான் வட்டத்தட்டு. நாம் சட்டிக் கலப்பை என்கிறோமே, அது. இறக்கையில் மண் சறுக்க வேண்டும். சட்டி தானே சுழல்வதால் சறுக்கல் குறைவு. ஒட்டினாலும் பின்னால் ஒரு வழிப்பான் சுரண்டிவிடும். அன்று இல்லினாய்க்காரர் கையில் வைத்திருந்த மரத்துடுப்பை இரும்பில் செய்து கலப்பையிலேயே மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து இறுகிய நிலம், வேரும் கல்லும் உள்ள நிலம், பசைக்களி எல்லாவற்றிலும் சட்டி ஓடும். விலை என்ன? தாளையும் களையையும் இறக்கைக் கலப்பை மூடுவதுபோல் இது முழுக்க மூடாது, தரையும் கரடுமுரடாக நிற்கும்.

இரண்டுக்கும் இன்னொரு அடிப்படை வேறுபாடு உண்டு. இறக்கைக் கலப்பையின் கொழுமுனை சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஒரு நீளமான மட்டப்பலகையை அடியில் வைத்துப் பார்த்தால் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். அந்தச் சாய்வுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுக்கிறது. கொழு தேய்ந்து அந்த இடைவெளி போய்விட்டால் இறுகிய மண்ணில் கலப்பை மேலேயே மிதக்கும். சட்டிக் கலப்பைக்கு இந்த இழுப்பே கிடையாது. அது இறங்குவது வெறும் எடையால். பழைய சட்டிக் கலப்பைகள் ஏன் அவ்வளவு கனம் என்பது இப்போது புரியும். சட்டியைச் செங்குத்துக்கு நெருக்கமாக நிமிர்த்தினால் இறுகிய மண்ணில் இறங்கும்; பின்னால் சாய்த்தால் பசைமண்ணில் நன்றாக ஓடும்.

மண்ணின் குணம் இழுவையில் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. அந்தக் கால அமெரிக்கப் பாடநூல்களில் வரும் அட்டவணைப்படி, வெட்டும் மண்ணின் முகப்பில் ஒரு சதுர அங்குலத்துக்கு மணலில் சுமார் 3 பவுண்டு இழுவை வேண்டும். களியில் 8. கன்னிப் புல்வெளியில் 15. ‘கம்போ’ என்ற பசைக்களியில் 20. அன்று பரவலாக இருந்த உழுபகுதி 14 அங்குல அகலம். 6 அங்குல ஆழம் உழுதால் முகப்பு 84 சதுர அங்குலம். மணலில் இழுவை 252 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 114 கிலோ. கம்போவில் 1680 பவுண்டு, 760 கிலோவுக்குமேல். மணல்காட்டில் மூன்று உழுபகுதியைச் சாவகாசமாக இழுக்கும் சின்ன டிராக்டர், கம்போவில் ஒன்றை இழுக்கவே மூச்சு வாங்கும். கனத்த மண்ணுள்ள பண்ணைகளில் அகலம் குறைந்த உழுபகுதிகள் கிடைத்தால் காரணம் இதுதான்.

கல்லும் வேரும் வேறு மாதிரி பிரச்சினை. இங்கே மண் எவ்வளவு நல்லது என்பது பேச்சில்லை, கலப்பை மோதினால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இதில் கெட்ட பெயர். இழுத்துக்கொண்டு போகும் கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டி நின்றுவிட்டால், பின்சக்கரம் சுழல முடியாமல் டிராக்டரின் முன்பக்கமே எழும்பி ஓட்டுநர்மேல் கவிழும். இழுவைக் கலப்பைகளின் கொக்கியில் ஒரு மரமுளையை வைப்பது இதற்கான எளிய வழி. கலப்பை மாட்டினால் முளை ஒடியும், டிராக்டர் தனியாக முன்னால் போகும். ஒடிந்த முளை காசில்லாத சமாச்சாரம். பிறகு வந்த ஸ்பிரிங் கொக்கிகள் தானே விட்டுக்கொடுக்கும். பின்னால் நகர்த்தி மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் இதைக் கொக்கியில் தீர்க்காமல் இணைப்பையே மாற்றினார். இன்று நம் ஊர் டிராக்டர் எல்லாவற்றின் பின்னாலும் இருக்கும் மூன்றுபுள்ளி இணைப்பு, அதாவது கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கலப்பையைப் பிடித்துக்கொள்வது, அவருடையது. 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன், 1939-இல் ஃபோர்டு 9என், 1946-இல் டிஇ20 என்ற டிராக்டர்கள் வழியாக அது பரவியது. கலப்பை மண்ணில் திணறும்போது மேலே உள்ள ஒற்றைத் தண்டு டிராக்டரை முன்னோக்கித் தள்ளும்; முன்சக்கரம் எழும்ப வழியில்லை. இழுவை கூடினால் ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றுத் தூக்கியும் கொடுக்கும். இதில் ஒரு சின்னக் குறை. ஒரே வயலில் மணலும் களியும் மாறிமாறி வந்தால், களியில் கலப்பை மேலேறும், மணலில் ஆழம் போகும். சால் ஒரே ஆழமாக இராது.

ஆனால் மோதலுக்கு மிக அழகான விடை ஆஸ்திரேலியாவில் கிடைத்தது, டிராக்டர் வருவதற்கு வெகு முன்பே. தெற்கு ஆஸ்திரேலியாவில் மல்லி என்ற யூக்கலிப்டஸ் புதர்க்காடு. வெட்டினாலும் மண்ணுக்குள் அதன் வேர்க்கட்டை பாறைபோல் கிடக்கும், தோண்டி எடுப்பது பெரும்பாடு. 1876-இல் யார்க் தீபகற்பத்தில் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித்தும் அவர் தம்பியும் சேர்ந்து, ஒவ்வொரு உழுபகுதியையும் தனித்தனிக் கீலில் தொங்கவிட்டார்கள். வேர்க்கட்டை வந்தால் அந்த ஒன்று மட்டும் எழும்பித் தாண்டும், தாண்டியதும் எடை அதை மறுபடி மண்ணுக்குள் இறக்கும். மற்றவை பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கும். கட்டைதாண்டிக் கலப்பை. வேரை அகற்றாமலே உழலாம். ஒழுங்காகச் சால் போட்டுப் பழகியவர்களுக்கு இது அரைகுறை உழவாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் அந்தப் புதர்க்காடு கோதுமை நிலமானது இதனால்தான்.

பொருத்தம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1920-களில் கான்சாஸ், ஓக்லஹோமா சமவெளிகளில் ‘ஒன்-வே’ என்ற சட்டிக் கலப்பை வேகமாகப் பரவியது. எல்லாச் சட்டிகளும் ஒரே அச்சில், ஒரே பக்கமாக மண்ணைத் தள்ளும். இழுக்க இலேசு, ஒரு நாளில் பெரும்பரப்பு முடியும். அங்கே மழை குறைவு, காற்று அதிகம், மண்ணும் இலேசு. ஒன்-வே அதைத் திரும்பத் திரும்பப் பொடியாக்கிக்கொண்டே போனது. 1930-களில் மழை பொய்த்தபோது பொடிந்து கிடந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி வந்த புழுதிப்புயலில் பகல் இருட்டாகிவிட்டது; அந்த நாளை ‘கருப்பு ஞாயிறு’ என்றே அழைக்கிறார்கள். புல் இருந்த இடத்தையெல்லாம் உழுததும், வறட்சியும், கோதுமை விலையும் எல்லாம் அதில் சேர்த்திதான். கலப்பை ஒன்றையே குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அதே ஓக்லஹோமாவின் ஹூக்கர் என்ற ஊரில் ஃப்ரெட் ஹோம் என்ற விவசாயி 1933-இல் செய்த கருவியைப் பாருங்கள்: மண்ணைப் புரட்டாமல், கனமான வளைந்த கம்பிகளால் கீறிக் கட்டிகளை மேலே கொண்டுவரும் உளிக்கலப்பை. தாள் மேலேயே நிற்கும், கட்டி காற்றைத் தடுக்கும். இறக்கையே இல்லாத நம் நாட்டுக் கலப்பைக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம்.

பழைய கலப்பை ஒன்று கையில் வந்து, அதை உழவில் இறக்க ஆசைப்பட்டால் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று வேகம். அந்த இறக்கைகளின் வளைவு மணிக்கு 4 முதல் 5½ கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. இன்றைய டிராக்டரில் மாட்டி அதைவிட வேகமாக இழுத்தால் மண் கவிழாது, பறக்கும்; கலப்பை சரியில்லை என்று பழிபோடுவோம்.

மற்றொன்று துரு. நாள்கணக்கில் உழுது மின்னிய இறக்கையை ஒரு மழையில் வெளியே விட்டால் போதும், களிமண் மறுபடி ஒட்டத் தொடங்கும். அதனால் அந்தக் கால விவசாயிகள் உழவு முடிந்த அன்றே இறக்கையைத் துடைத்து, கிரீஸோ பழைய எண்ணெயோ தடவித்தான் கொட்டகையில் விட்டார்கள். ஐம்பது ஆண்டு துருவோடு கிடைத்த எஃகு இறக்கையைக் கையால் தேய்த்து மெருகேற்ற மாதங்கள் ஆகும். பழைய கலப்பைகளைச் சேர்ப்பவர்கள் செய்வது வேறு. பக்கத்தில் யாருக்காவது மணலான காடு இருந்தால், கேட்டு வாங்கி முதலில் அங்கே கொண்டுபோய் உழுவார்கள். தேய்க்கும் மண் துருவைச் சுரண்டி மெருகைக் கொண்டுவரும். இறக்கை மின்னத் தொடங்கியதும் கலப்பையைத் தூக்கி, தங்கள் சொந்தக் களிக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள்.